மதில் ஓரத்தில் இரண்டு கல்லறைகள்

என் தம்பியை அடக்கம் செய்த அன்று கோவில் மணி அடிக்கவில்லை. எங்கள் கிறிஸ்தவச் சபையில் யார் இறந்தாலும் உடல் வீட்டைவிட்டுப் புறப்படும்போது மணி அடிக்கத் தொடங்கும். குழியில் மண் விழுகிற வரைக்கும் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருக்கும். அன்று எங்கள் ஆம்புலன்ஸ் கோவிலின் முன்வாசலில் நிற்கவில்லை. பக்கத்துச் சந்து வழியாக நேரே கல்லறைத் தோட்டத்துக்குள் போனது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மணி கேக்கல்லியே மக்களே, மணி கேக்கல்லியே" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தம்பி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன். இந்த ஒரு வரியை எழுதுவதற்கே எனக்குச் சில வருடங்கள் வேண்டியிருந்தன. விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டிய இடத்தில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலின் மைக்கும் ஸ்பீக்கரும் அவன் பொறுப்பு. ஒரு மழைக்காலத்தில் அவனுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு பசி போயிற்று, பேச்சும் போயிற்று. டாக்டரிடம் காட்டினோம், மாத்திரைகள் சாப்பிட்டான், மறுபடியும் சிரிக்கத் தொடங்கினான். தேறிவிட்டான் என்று நாங்கள் நம்பத் தொடங்கியிருந்தபோதுதான் போய்விட்டான். என்ன காரணம் என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். காதலா, கடனா, வேலையிடத்துச் சண்டையா என்று. அப்படி ஒன்றும் இல்லை. காய்ச்சலில் சிலர் போவதுபோல அவன் போனான் என்பதைத் தவிர எனக்கு இன்றுவரை வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே சபைக் கமிட்டியின் செயலாளர் வந்துவிட்டார். அப்பாவை வாசலுக்கு அழைத்துப்போய்ப் பேசினார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"அண்ணே, நீங்க கமிட்டியில இருந்த ஆளு. நம்ம முறை உங்களுக்கே தெரியும். கோவிலுக்குள்ள கொண்டு போக ஒக்காது. குடும்பக் கல்லறையும் திறக்க முடியாது. மதில் பக்கத்துல எடம் தாறோம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நாங்களா சொல்லல்ல அண்ணே. கொலை செய்யக் கூடாதுன்னு கட்டளை இருக்கு. தன்னைக் கொல்லுதும் கொலைதானே? ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த சீஷனும் கடைசியில இப்படித்தானே போனான்?"

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "சரி" என்று மட்டும் சொன்னார்.

மதில் ஓரம் என்றால் கல்லறைத் தோட்டத்தின் கடைசி மூலை. மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் போகிற ரோடு. மலையாளத்தில் அந்த மாதிரி இடத்துக்குத் தெம்மாடிக்குழி என்று பெயர். கெட்டுப்போனவர்களைப் போடுகிற குழி என்று அர்த்தம். இப்போது யாரும் வாய்விட்டு அந்தச் சொல்லைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். அங்கே ஏற்கெனவே சிலுவை இல்லாத ஒரு மண்மேடு புல் மூடிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தம்பியை வைத்தோம். போதகர் இளவயதுக்காரர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு வாக்கியம் ஜெபித்தார். இரண்டாவது வாக்கியத்தை ஒரு பஸ்ஸின் ஹாரன் விழுங்கிவிட்டது. எங்கள் தாத்தாவும் பாட்டியும் கிடக்கிற குடும்பக் கல்லறை அங்கிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு அப்பா கோவிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். அம்மா ஒரு வாரம்கூட நிறுத்தவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, கேட்டேன்.

"எனக்கு ஆண்டவர்கிட்ட சண்டை போடணும் மக்களே. வீட்டுல இருந்து போட்டா அவருக்குக் கேக்காது" என்றாள்.

தம்பி இல்லாத முதல் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மைக் வீறிட்டது. யாரோ எழுந்துபோய் எதையோ திருகினார்கள், இன்னும் வீறிட்டது. கடைசியில் மைக்கை அணைத்துவிட்டுப் போதகர் தொண்டை வலிக்கப் பிரசங்கம் செய்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த வாரம் மட்டுமல்ல, பல வாரங்கள் அப்படியே நடந்தது.

அப்பா கிழக்கேகோட்டையில் ஒரு பெரிய ஹோட்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். சர்க்கரை வியாதி அவர் கண்ணைக் கெடுத்துவிட்டது. ஆள் நிற்பது தெரியும், எழுத்துத் தெரியாது. ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கூப்பிட்டார்.

"மோளே, வேதபுஸ்தகத்தை எடுத்து எனக்கு வாசிக்கியா? முதல்ல இருந்து வாசி."

"எதுவரைக்கும்பா?"

"முடியது வரைக்கும். நம்ம பயலை மாதிரிப் போனவங்க எங்க எல்லாம் வாறாங்களோ, அங்க நிறுத்து. ஆண்டவர் அவங்களை என்ன சொல்லுதாருன்னு எனக்குக் கேக்கணும். செயலாளர் சொன்னது வேண்டாம். நான் படிச்சு வச்சிருக்கதும் வேண்டாம்."

நான் மலையாளம் மீடியத்தில் படித்தவள். பகல் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீஸில் மலையாளத்தில் பேசிவிட்டு வந்து, ஞாயிறுதோறும் கோவிலில் நடந்த ஓய்வுநாள் பள்ளியில் கற்ற தமிழை வைத்து அந்தப் பழைய தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிப்பேன். அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் தப்பாகச் சொன்னால் திருத்துவார். வம்ச வரலாறுகளைக்கூட விடச் சொல்லமாட்டார்.

ராஜாக்களின் காலத்துக்கு வந்தபோது முதல் இடம் வந்தது. இஸ்ரவேலின் முதல் ராஜா போரில் தோற்று, எதிரியின் கையில் சிக்காமலிருக்கத் தன் பட்டயத்தின்மேலே தானே விழுந்து சாகிறான். அவன் முன்பு காப்பாற்றிய ஊரின் ஆட்கள் இரவெல்லாம் நடந்து வந்து உடலை எடுத்துப்போகிறார்கள். எலும்புகளை ஒரு மரத்தடியில் அடக்கம் செய்து உபவாசம் இருக்கிறார்கள். அவனால் துரத்தப்பட்டவன்கூட அவனுக்காகப் பாட்டுக் கட்டி அழுகிறான்.

"திட்டு எங்கயாவது வருதா?" என்று அப்பா கேட்டார்.

அடுத்த அதிகாரத்தையும் புரட்டிப் பார்த்தேன். "இந்தச் சாவைப் பற்றி ஒண்ணும் இல்லப்பா. அழுகைதான் இருக்கு."

"செத்தவனுக்காக அழுதிருக்காங்க. சரி, வாசி."

சில நாள் கழித்து இன்னொரு இடம் வந்தது. ஒரு ராஜாவுக்கு ஆலோசனைக்காரனாக இருந்தவன். ராஜாவின் மகன் கலகம் செய்தபோது அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டவன். தன் ஆலோசனையை இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்ததும் கழுதையில் ஏறித் தன் ஊருக்குப் போகிறான். வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்துகிறான். அடுத்த சொல்லை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'நான்றுகொண்டு' என்று இருந்தது. எனக்கு விளங்கவில்லை.

"நான்றுகொண்டுன்னா என்னப்பா?"

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் மறுபடி கேட்டேன்.

"தன்னைத் தானே முடிச்சுக்கது மோளே" என்றார். "மேல வாசி."

மேலே ஒரே வரிதான் இருந்தது. அவனை அவன் தகப்பனுடைய கல்லறையில் அடக்கம் பண்ணினார்கள் என்று.

அப்பா அதை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார். எத்தனை தடவை என்று தெரியாது. பிறகு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு பின்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டு அழுகிற சத்தம் எனக்கும் அம்மாவுக்கும் கேட்டது. தம்பி போன நாளிலிருந்து அவர் அதுவரை அழுதிருக்கவில்லை.

அம்மா இந்த வாசிப்பில் உட்கார்வதில்லை. அடுக்களையில் வேலையாக இருப்பாள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிற இடத்தை நான் வாசித்த அன்று நெத்திலி ஆய்ந்த கையோடு வந்து நிலையருகில் நின்றாள். அந்தத் தீர்க்கதரிசி அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறான். ஒரு தூதன் வந்து அவனைத் தொட்டு எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்கிறான். தூதன் மறுபடியும் வந்து எழுப்புகிறான்.

"ஆண்டவர் அவனைக் கோவிக்கல்லியா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. சாப்பாடுதான் குடுத்து விடுதாரு."

"ரெண்டு தடவை ஆள் அனுப்பினாரா?"

"ஆமாம்மா."

"பின்ன எனக்க மோனுக்கு ஏன் ஒருக்கக்கூட அனுப்பல்ல?"

நான் மேலும் ஒரு பக்கம் புரட்டிப் பார்த்தேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மீன் காய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

போதகர் மாதம் ஒருமுறை வீடு சந்திப்புக்கு வருவார். தம்பி போனதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் மாலை மழைக்கு ஒதுங்குவதுபோல வந்து நின்றார். அம்மா நாற்காலி போட்டாள், காப்பி கொண்டுவந்தாள். அப்பா அந்த ஆலோசனைக்காரனின் கதையை என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இதை நீங்க முன்ன படிச்சிருக்கேளா பாஸ்டரையா?"

போதகர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"படிச்சிருக்கேன் ஐயா."

"அன்னைக்கு உங்களுக்கு ஞாபகம் வரல்லியா?"

"வந்தது. அடக்கத்துக்கு முந்தி அதை எடுத்து வாசிச்சேன். கமிட்டியில சொல்லணும்னுதான் போனேன். இது நடந்ததைச் சொல்ற பகுதி, நமக்குக் கட்டளை இல்லைன்னு அவங்க சொன்னாங்க. அதுவும் சரிதான் ஐயா. வேதத்துல நடந்ததெல்லாம் நாம செய்யணும்னு இல்லையே. அதுக்கு மேல பேச எனக்குத் தைரியம் வரலை."

"அப்போ காட்டிக்கொடுத்தவன் கதை மட்டும் கட்டளையா? அதுவும் நடந்ததுதானே? அவன் பிறக்காம இருந்தா நல்லதுன்னு ஆண்டவர் சொன்னது அவன் காட்டிக்கொடுக்கப் போறதுக்கு. அவன் செத்த விதத்துக்கு இல்ல."

"அதுவும் சரிதான்" என்றார் போதகர். "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க உங்க பிள்ளைக்காகத் தேடினீங்க, உங்களுக்கு இது கிடைச்சது. அவங்க முறைக்காகத் தேடினாங்க, அவங்களுக்கு அது கிடைச்சது."

"பின்ன எப்படித்தான் வாசிக்கது?"

அவர் மழைப் பக்கம் திரும்பினார். "எனக்கும் தெரியலை ஐயா. அன்னைக்கு உங்களோட உட்கார்ந்து வாசிச்சிருக்கணும். அது மட்டும் தெரியுது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரை வெறுக்க எனக்கு அதுவரை இருந்த வசதி அன்றோடு போயிற்று.

அவர் போன பிறகு அப்பா விளக்குப் போடவிடாமல் என்னை உட்காரச் சொன்னார்.

"நம்ம பயலுக்குப் பக்கத்துல இன்னொரு குழி இருக்கில்லா?"

"ஆமா."

"அது ஒரு பொம்பளப்பிள்ளைக்கு உள்ளது. நர்சிங் படிச்ச பிள்ளை. நீ அப்போ கல்யாணமாகிப் போயிருந்தே, இங்க திரும்பி வந்திருக்கல்ல. அதுக்க அம்மை தனி ஆளு, விதவை. எங்க ஹோட்டல்லதான் பாத்திரம் கழுவினா. நான் அப்போ கமிட்டியில உண்டு. மதில் பக்கம்தான்னு எல்லாரும் சேந்து தீர்மானிச்சோம். அவகிட்டப் போய் யார் சொல்லதுன்னு கேட்டப்போ, எனக்குத் தெரிஞ்ச பொம்பளதானேன்னு நான் போனேன். அவ அழுதுக்கிட்டே, சாரே, எங்க வீட்டுக்காரருக்க குழியிலயாவது பிள்ளையைப் போட விடுங்கன்னா. வேதத்துல இடமில்ல பெண்ணேன்னு சொன்னேன்."

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "இடம் உண்டுமா இல்லியான்னு நான் அன்னைக்கு எடுத்துப் பாக்கவே இல்ல மோளே" என்றார்.

செயலாளரிடம் அப்பா ஏன் "சரி" என்று மட்டும் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பிள்ளையின் அம்மா இப்போது மலையடியிலுள்ள கல்லாற்றில் இன்னொரு மகளோடு இருக்கிறாள் என்று ஹோட்டலில் பழைய ஆட்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். நெடுமங்காடு தாண்டிய பிறகு அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். கல்லாற்றில் இறங்கியதும் ஆற்றின் சத்தம் கேட்டது. பொன்முடிக்குப் போகிறவர்களின் கார்கள் வரிசையாக நின்றன. ரோட்டோரத்தில் ஒரு சாயாக்கடை. அடுப்புக்கு முன்னால் நரைத்த தலையோடு அந்த அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெருங்கியதும் நிமிர்ந்து பார்த்தாள். உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"சாரு! வாங்க, இரிங்க. கண்ணு தெரியல்லியா?"

அப்பா உட்காரவில்லை. தன் மகன் போனதைச் சொன்னார். எப்படிப் போனான் என்பதையும், எங்கே வைத்தார்கள் என்பதையும் சொன்னார். அந்த அம்மா அடுப்பை அணைத்தாள். எண்ணெய் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு அடங்கியது.

"எனக்க மோளுக்குப் பக்கத்துலயா?"

"ஆமா. பக்கத்துலதான்."

"அவளுக்குத் துணைக்கு ஆள் ஆச்சு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா, அன்று தான் சொன்னது தப்பு என்றார். வேதத்தில் இடம் இருக்கிறது என்றார். அந்த ஆலோசனைக்காரனின் கதையை, தகப்பன் கல்லறையில் அவனை வைத்ததை, மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. வர முயன்றது எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மா முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "எனக்கு வாசிக்கத் தெரியாது சாரே. அன்னைக்கு நீங்க சொன்னீங்க, நம்பினேன். எனக்க பிள்ளை நரகத்துல கெடக்கான்னு இத்தனை வருஷம் நெனச்சேன். இப்போ வேற சொல்லுதீங்க. இதையும் நம்பணுமா?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

அப்பா என் தோளைத் தடவிப் பிடித்தார். நான்தான், புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறேன், வாசித்துக் காட்டட்டுமா என்றேன். அவள் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். வாசித்தேன். கார்களில் வந்தவர்கள் சாயா கேட்டார்கள்; அவளுடைய மகள் கவனித்துக்கொண்டாள். பட்டயத்தில் விழுந்த ராஜா, ஆலோசனைக்காரன், செடியின் கீழே படுத்தவன் என்று ஒவ்வொன்றாக வாசித்து முடித்தபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எல்லாம் ஆம்பிளைகள்தானே? எனக்க மோளை மாதிரி ஒரு பெண்ணு இல்லியா அதுல?"

அப்பா என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றேன்.

"தேடிப் பாருங்க" என்றாள். "கிட்டினா வந்து சொல்லுங்க. கிட்டல்லன்னாலும் வாங்க."

எங்களுக்குச் சாயாவும் பஜ்ஜியும் கொடுத்தாள். பஸ் வரும்வரை கடை வாசலில் நின்றாள். அப்பாவை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அப்பா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார். மழைச்சாரல் முகத்தில் அடித்தது, ஷட்டரை இறக்கவிடவில்லை.

அந்த வருடம் சபையின் பொதுக்கூட்டத்தில் அப்பா எழுந்து பேசினார். கோவிலுக்குள் அவர் நுழைந்தது வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான். மதில் ஓரத்தில் கிடக்கிற இருவரையும் அவரவர் குடும்பக் கல்லறைக்கு மாற்ற வேண்டும், முடியாவிட்டால் இனி வருகிறவர்களையாவது அங்கே தள்ளக் கூடாது என்று கேட்டார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. யாரும் ஆதரித்தும் பேசவில்லை. பரிசீலிக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். இன்றுவரை அது பரிசீலனையிலேயே இருக்கிறது. போதகர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போவதற்கு முன் ஒருநாள் காலையில் எங்களைக் கூட்டிக்கொண்டு மதில் ஓரத்துக்குப் போய், அங்கி உடுத்தி, புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன அடக்க ஆராதனையை முழுதும் நடத்தினார், இரண்டு குழிகளுக்கும் சேர்த்து. மணி அன்றும் இல்லை. அதற்குக் கமிட்டியின் அனுமதி வேண்டும்.

அம்மா இப்போதும் ஞாயிறுதோறும் சண்டை போடப் போகிறாள். அப்பாவும் நானும் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம்.

"பொம்பளைகள் வாற எடத்துல எல்லாம் மெதுவா வாசி மோளே" என்கிறார் அப்பா. "பேரு சொல்லாத பொம்பளைகளை விட்டிராதே."

மெதுவாகத்தான் வாசிக்கிறேன். இதுவரை கிடைக்கவில்லை. கல்லாற்றுக்கு அடுத்த மாதம் போக வேண்டும்.